பொலிஸ் ஊதச் சொன்னால், டொக்டர் இரத்தம் கேட்டால்

திருகோணமலை உவர்மலையில் என் வீட்டு கேற்றைத் தட்டுகிறவர்களில் அநேகம் பேர் பிறெசர் பார்க்கத்தான் வருவார்கள். சித்திரை வருசம், கோயில் திருவிழா, கலியாண வீடு என்று வரும் நாட்களில் மட்டும் வேறொரு கேள்வியோடு ஆட்கள் வந்து நிற்பார்கள். "மிஸ், இவரைப் பொலிஸ் பிடிச்சிட்டுது. ஊதமாட்டன் எண்டு நிண்டவராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயினம். இரத்தம் எடுக்க விடலாமோ?"

பென்சன் எடுக்கும்வரை இந்த மாவட்டத்து அரச ஆஸ்பத்திரிகளில் அவசரப் பிரிவில் தாதியாக வேலை செய்தவள் நான். இரவு நேரத்தில் பொலிஸ் கூட்டிக்கொண்டு வருகிற சாரதிகளை டொக்டர் சோதிக்கும்போது பக்கத்தில் நின்றிருக்கிறேன், இரத்தமும் எடுத்திருக்கிறேன். அதனால் என் பதில் எப்போதும் ஒன்றுதான்: ஊதச் சொன்னால் ஊதுங்கள். டொக்டரிடம் வரச் சொன்னால் போங்கள். இரத்தம் கேட்டால் கொடுங்கள். ஆனால் அதை எப்படி எடுக்கிறார்கள் என்று கவனமாகப் பாருங்கள். ஏன் அப்படிச் சொல்கிறேன், எதைப் பார்க்க வேண்டும் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். வழக்கு என்று வந்துவிட்டால் கட்டாயம் ஒரு சட்டத்தரணியிடம் போங்கள். நான் சொல்வது அதற்கு முந்திய சில மணித்தியாலங்களைப் பற்றி.

பொலிஸால் எதைக் கேட்க முடியும்

1951ஆம் ஆண்டு 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 151ஆம் பிரிவில் இது இருக்கிறது. வீதியில் வாகனம் ஓட்டுகிறவர் மது பாவித்திருக்கிறார் என்று பொலிஸ் உத்தியோகத்தருக்குச் சந்தேகம் வந்தால், உடனே ஊதிக் காட்டச் சொல்லலாம், அல்லது அரச வைத்திய அதிகாரியின் பரிசோதனைக்கு உட்படச் சொல்லலாம். சாரதி அதற்கு இணங்க வேண்டும். போதைப்பொருள் சந்தேகம் என்றாலும் இதே பிரிவுதான். அதை ஊதவைத்துப் பார்க்க முடியாது என்பதால் டொக்டரிடம் கொண்டு போவார்கள்.

நம்முடைய ஆட்கள் அதிகம் பிழை விடுகிற இடம் மறுப்பதில்தான். "ஊதாட்டி அவங்களால ஒண்டும் செய்யேலாது" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அதே 151ஆம் பிரிவு, ஊதவோ பரிசோதனைக்குப் போகவோ மறுத்தவர் மது பாவித்தவர் என்றே எடுத்துக்கொள்ளப்படுவார் என்கிறது. இல்லை என்று காட்ட வேண்டிய பாரம் அப்போது உங்கள் தலையில் வந்து விழும். ஒரு சொட்டுக் குடிக்காத மனுசன் வீம்புக்கு மறுத்துவிட்டு, பிறகு நீதவான் நீதிமன்றத்தில் தன்னை நிரூபிக்க அலைவது எவ்வளவு அநியாயம்!

இரத்தம் எடுப்பது பொலிஸின் வேலை இல்லை. எந்தக் கொன்ஸ்டபிளும் உங்கள் கையில் ஊசி குத்த முடியாது. பொலிஸ் நிலையத்தில் சட்டமருத்துவப் பரிசோதனைப் படிவத்தை நிரப்பி, அதோடு உங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வருவார்கள். சோதிப்பது அரச வைத்தியர். சட்ட வைத்திய அதிகாரி அந்த நேரம் இல்லாவிட்டால் கடமையில் இருக்கும் வைத்திய அதிகாரி பார்ப்பார். இரத்தம் தேவையா என்று தீர்மானிப்பதும், உங்களிடம் சம்மதம் கேட்பதும் அவர்தான். 1979ஆம் ஆண்டு 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையிலும் விசாரணைக்காக ஒருவரை வைத்தியரிடம் சோதிப்பிப்பது பற்றி இருக்கிறது. ஆள் சம்மதித்தால் நேரே செய்யலாம், சம்மதிக்காவிட்டால் பொலிஸ் நீதவானிடம் போய்க் கட்டளை கேட்கலாம். ஆகவே ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டு மாட்டேன் என்று சொன்னால் டொக்டர் உங்களைக் கட்டிப்பிடித்து இரத்தம் எடுக்கமாட்டார். "மறுத்தார்" என்று அறிக்கையில் எழுதுவார். அந்த ஒரு வரி வழக்கில் உங்களுக்கு எதிராகப் போகும்.

சட்டவிதி வைத்திருக்கும் எல்லை, 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம். அந்த அளவோ அதற்கு மேலோ இருந்தால் குற்றம். அந்த இடத்திலேயே தண்டப்பணத் துண்டு வாங்கித் தபாற்கந்தோரில் கட்டி முடிக்கிற விசயமும் இல்லை, நீதிமன்றம் போயே ஆக வேண்டும். 25,000 ரூபாய்க்குக் குறையாத தண்டம் இருக்கிறது, மறியலும் வரலாம், அனுமதிப்பத்திரமும் இடைநிறுத்தப்படலாம். ஆட்டோ ஓடிச் சீவிக்கிற வீட்டில் தண்டப்பணத்தை விட அந்தக் கடைசிதான் பெரிய அடி.

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் போனில் சொல்லும் புத்திமதியை இந்த விசயத்தில் கேட்காதீர்கள். "ஊதின அளவு கொஞ்சம்தான் கூட எண்டால் இரத்தம் எடுக்கச் சொல்லிக் கேள், அது உன்ர உரிமை" என்று லண்டனில் இருந்து ஒரு மச்சான் சொல்லுவார். இங்கிலாந்தில் அப்படி ஒரு வழி முன்னொரு காலம் இருந்தது உண்மை, 2015இல் அங்கேயே எடுத்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் எல்லை 30 மில்லிகிராம், ஸ்கொட்லாந்தில் 50. ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு சட்டம். சாம்பல்தீவுப் பாலத்தடியில் மறிபட்டு நிற்கிறவருக்கு இலங்கைச் சட்டம் மட்டும்தான்.

ஊதும்போது

இங்கே பல காலம் புழங்கியது பலூன் மாட்டிய கண்ணாடிக் குழாய். உள்ளே இருக்கும் மஞ்சள் நிறப் பளிங்குத் தூள் மதுசாரம் பட்டால் பச்சையாக மாறும். இலக்கம் காட்டும் கருவிகளும் இப்போது இருக்கின்றன. எதுவாக இருந்தாலும் உங்கள் முன்னால் புதுக் குழாய், புது வாய்முனை மாட்டுகிறார்களா என்று பாருங்கள். "சேர், புதுசு ஒண்டு போட்டுத் தாங்கோ" என்று மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபிக்கப் போவதில்லை.

வாய்க்குள் தங்கியிருக்கும் மதுசாரம் கருவியை ஏமாற்றும். அரிஷ்டம் குடிக்கிற வயசாளிகள் இதைக் கவனிக்க வேண்டும். தசமூலாரிஷ்டம் போன்றவை புளிக்க வைத்துச் செய்யும் மருந்துகள், அவற்றில் மதுசாரம் தானாக ஊறியிருக்கும். சில வாய் கொப்பளிக்கும் மருந்துகளும் அப்படித்தான். இப்படி ஏதாவது சற்று முன்னர் எடுத்திருந்தால் அதைச் சொல்லி, 15 நிமிடம் கழித்து ஊத விடச் சொல்லிக் கேளுங்கள். வாயில் நிற்பது அதற்குள் போய்விடும், இரத்தத்தில் இருப்பது போகாது. கொய்யா இலை, கொத்தமல்லி, ஏலக்காய், வெற்றிலை எல்லாம் மணத்தைத்தான் கொஞ்சம் மறைக்கும். மூச்சில் வரும் மதுசாரம் நுரையீரலில் இருந்து வருகிறது. அதை எந்த இலையும் தொடாது.

ஊதின முடிவை நீங்கள் ஏற்கவில்லை என்றால், அந்த இடத்திலேயே, அந்த நிமிடத்திலேயே, டொக்டரிடம் கொண்டு போகச் சொல்லிக் கேளுங்கள். கேட்ட நேரத்தை எழுதச் சொல்லுங்கள். அடுத்த நாள் கேட்டுப் பிரயோசனம் இல்லை.

டொக்டரின் மேசையில்

கதிரையில் இருத்தியவுடனே ஊசி குத்தமாட்டார்கள். வாயில் மணம் இருக்கிறதா, பேச்சுக் குழறுகிறதா, கண் சிவந்திருக்கிறதா, கண்மணி பக்கவாட்டில் துடிக்கிறதா, நாடி எப்படி என்று டொக்டர் பார்ப்பார். நேர்கோட்டில் நடக்கச் சொல்லுவார். கண்ணை மூடிக்கொண்டு விரலால் மூக்கைத் தொடச் சொல்லுவார். பெயரும் விலாசமும் எழுதச் சொல்லுவார். முழங்காலில் பழைய வருத்தம், காதில் வருத்தம், கண்ணாடியை விட்டுவிட்டு வந்தது, இப்படி எது இருந்தாலும் நடக்கத் தொடங்க முன்னரே சொல்லிவிடுங்கள்.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு நாள் பின்னேரம் ஒரு ஆட்டோச் சாரதியை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். மதிலோடு மோதி நின்றவராம். சேட்டு வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது, கண் எங்கேயோ நிலைகுத்தி நின்றது, வாயிலிருந்து ஒரு சொல் ஒழுங்காக வரவில்லை. வாசலில் நின்ற எல்லோரும் "முழு வெறி" என்றே தீர்த்துவிட்டார்கள். கையைப் பிடித்தேன், குளிர்ந்து ஈரமாக இருந்தது. விரலில் குத்திச் சீனி பார்த்தால் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. காலையில் மருந்தைப் போட்டவர் மத்தியானம் சாப்பிடவில்லை. டெக்ஸ்ட்ரோஸ் நரம்பில் ஏறிக்கொண்டிருக்கும்போதே எழும்பி இருந்து, "என்ர ஆட்டோ எங்க?" என்று தெளிவாகக் கேட்டார்.

தலையில் அடிபட்டவரும் இப்படித்தான் இருப்பார். அவர் உண்மையிலேயே கொஞ்சம் குடித்தும் இருந்தால் இன்னும் ஆபத்து, "வெறி தெளியட்டும்" என்று மூலையில் படுக்க விட்டுவிடுவார்கள். உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருக்கும். ஆகவே கூடப் போகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "டொக்டர், சீனி பாத்தாச்சோ? தலையில அடி பட்டிருக்கோ?" என்பதுதான். விபத்து என்றால் சிகிச்சை முதலில், மிச்சமெல்லாம் பிறகு. எந்தப் பொலிஸ் உத்தியோகத்தரும் அதற்குக் குறுக்கே நிற்க முடியாது. கிளினிக் கொப்பியும் போடுகிற மருந்துகளும் வாகனத்தில் இருந்தால் உடனே எடுத்துக் கொடுங்கள்.

இரத்தம் எடுக்கும்போது பார்க்க வேண்டியவை

என் வாழ்நாள் வேலை இது என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுகிறேன்.

முதலில் தோலைத் துடைக்கும் மருந்து. வாட்டில் வழமையாக ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டுத்தான் ஊசி குத்துவோம். மதுசாரத்துக்கு இரத்தம் எடுக்கும்போது ஸ்பிரிட் கூடாது, ஏனென்றால் ஸ்பிரிட்டே மதுசாரம்தான். தண்ணீரில் கரைத்த பொவிடோன் அயடீன், அந்தக் கபில நிறத் திரவம், போதும். அது கிடைக்காவிட்டால் சவர்க்காரத் தண்ணீரால் துடைக்கலாம். ஸ்பிரிட் நன்றாகக் காய்ந்த பிறகு குத்தினால் முடிவில் பெரிய வித்தியாசம் வராது என்பது உண்மைதான். இருந்தாலும் வழக்கில் அந்தச் சந்தேகம் எழும்பவே இடம் வைக்கக்கூடாது. குத்த முன்னர், "மிஸ், இது ஸ்பிரிட்டோ?" என்று கேளுங்கள். நல்ல தாதி அந்தக் கேள்விக்கு நன்றிதான் சொல்லுவாள். சேலைன் ஏறுகிற கையில் எடுக்கக்கூடாது, மற்றக் கையில் எடுக்க வேண்டும். காயம் கழுவிய இடத்துக்குப் பக்கத்திலும் வேண்டாம்.

அடுத்தது போத்தல். சாதாரண இரத்தப் போத்தலில் விட்டு வைத்தால் இரண்டு பக்கமும் பிழை வரலாம். கிருமியும் நொதியும் இருந்தால் இரத்தத்தில் உள்ள சீனி புளித்து மதுசாரம் புதிதாக உண்டாகலாம். மூடி தளர்ந்தால் இருக்கிற மதுசாரம் ஆவியாகிப் போகலாம். அதனால்தான் சோடியம் புளோரைட்டும் பொட்டாசியம் ஒக்சலேட்டும் உள்ள போத்தல் வேண்டும். புளோரைட் புளிக்க விடாது, ஒக்சலேட் உறைய விடாது. சீனி பார்க்கிற, சாம்பல் நிற மூடி போட்ட குழாயிலும் இருப்பது புளோரைட்தான். குழாயை நிறைய நிரப்ப வேண்டும், மேலே காற்று நிற்க விடக்கூடாது. நிரப்பியதும் மெதுவாக எட்டுப் பத்துத் தரம் கவிழ்த்துக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். குலுக்கினால் இரத்த அணுக்கள் உடைந்துவிடும்.

பிறகு லேபல். உங்கள் பெயர், திகதி, இரத்தம் எடுத்த நேரம், எடுத்தவரின் கையெழுத்து, எல்லாம் உங்கள் கண்முன்னால் எழுதப்பட வேண்டும். வெறும் குழாயைத் தட்டில் போட்டுவிட்டு "பிறகு எழுதுறம்" என்றால் விடாதீர்கள். ஒரே இரவில் இரண்டு சாரதிகள் வந்தால் குழாய் மாறுவதற்கு ஒரு நிமிடம் போதும். மூடிக்கு மேலாக முத்திரைத் தாள் ஒட்டி, அது கிழிக்காமல் திறக்க முடியாதபடி இருக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 பாகைக்குள் வைக்க வேண்டும். யார் கையிலிருந்து யார் கைக்கு எத்தனை மணிக்குப் போனது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். பரிசோதிப்பது பத்தரமுல்லை பெலவத்தையில் உள்ள அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களம். திருகோணமலையில் இருந்து அவ்வளவு தூரம் போகிற ஒரு சின்னக் குழாய் அது. வழியில் ஒரு கையெழுத்து விட்டுப்போனாலும் கேள்வி வரும்.

ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் சிகிச்சைக்காக மதுசாரம் பார்த்து ஒரு இலக்கம் கிடைத்தால், அது முழு இரத்தத்தில் பார்த்ததா, சீரத்தில் (இரத்தம் உறைந்த பிறகு பிரியும் தெளிந்த திரவத்தில்) பார்த்ததா என்று உங்கள் சட்டத்தரணி கட்டாயம் கேட்க வேண்டும். சீரத்தில் தண்ணீர் அதிகம், மதுசாரம் தண்ணீரோடுதான் நிற்கும். அதனால் சீரத்தில் வரும் இலக்கம் முழு இரத்தத்தை விடப் பத்துப் பதினைந்து சதவீதம் கூடுதலாகத்தான் வரும். சீரத்தில் 90 என்றால் முழு இரத்தத்தில் ஏறக்குறைய 79. சட்டம் சொல்வது இரத்தத்தில் 80. அந்த வித்தியாசத்தில் ஒருவருடைய லைசன்ஸ் நிற்கிறது!

நேரம்

குடித்து முடித்து அரை மணித்தியாலத்திலிருந்து ஒன்றரை மணித்தியாலத்துக்குள் இரத்தத்தில் மதுசாரம் உச்சத்துக்கு ஏறும். பிறகு மணித்தியாலத்துக்குச் சராசரியாக 15 மில்லிகிராம் அளவில் இறங்கும். ஆளுக்கு ஆள் 10இலிருந்து 25 வரை மாறும். கோப்பி, தேசிக்காய்த் தண்ணி, தலையில் பச்சைத் தண்ணி ஊற்றுவது எதுவும் இதை வேகப்படுத்தாது. ஈரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 70 கிலோ எடையுள்ள ஆண், இரவு 10 மணிக்குத் தொடங்கி 33 சதவீதச் சாராயம் அரைப்போத்தல், அதாவது 375 மில்லிலீற்றர், முடிக்கிறார். அதில் 100 கிராமுக்குக் கிட்ட மதுசாரம் இருக்கிறது. எல்லாம் ஒரேயடியாக இரத்தத்தில் சேர்ந்தால் 200 மில்லிகிராமைத் தாண்டும். எட்டு மணித்தியாலத்தில் 120 குறைந்தாலும் காலை 6 மணிக்கு அவர் 80க்கு மேலேதான் இருப்பார். நித்திரை கொண்டு எழும்பி, குளித்து, திருநீறு பூசிக்கொண்டு, பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிய வானை எடுப்பார். அவருக்கே தெரியாது தான் இன்னும் வெறியில் இருப்பது. இரவு குடித்தால் காலை ஓட்டம் வேறொருவருக்கு. இதில் எனக்கு எந்த விட்டுக்கொடுப்பும் கிடையாது. அடிபட்டு வரும் பிள்ளைகளின் சப்பாத்தைக் கழற்றிய கை என்னுடையது.

விபத்து நடந்த பிறகு "பதற்றம் போகட்டும்" என்று சாரதிக்கு ஒரு மிடறு சாராயம் கொடுக்கும் பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். அதற்குப் பிறகு எடுக்கும் எந்த இரத்தமும் ஓட்டும்போது இருந்த நிலையைச் சரியாகக் காட்டாது, குடிக்காதவரும் குடித்தவராகிவிடுவார். தண்ணீர் கொடுங்கள். ஆள் மயக்கமாக இருந்தால் வாயில் எதுவுமே ஊற்றாமல் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடியுங்கள்.

கையெழுத்துப் போட முன்னர்

பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதிவிட்டு "இங்க சைன் பண்ணுங்கோ" என்பது நடக்கிற காரியம். அரசியலமைப்பின்படி வடக்கு கிழக்கில் நிர்வாக மொழி தமிழ். தமிழில் எழுதித் தரச் சொல்லிக் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. முடியாது என்றால், வாசித்துத் தமிழில் விளங்கப்படுத்தும்வரை கையெழுத்து வைக்காதீர்கள். ஆஸ்பத்திரிச் சம்மதப் படிவத்துக்கும் இதுதான். கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டு போக வேண்டும். சட்டத்தரணிக்குக் காசு இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை அலுவலகத்துக்குப் போகலாம்.

அடிபட்டவரின் வீட்டாருக்கு

இவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லிக் கொடுப்பதில்லை. மூதூர்ப் பக்கம் நடந்த விபத்தென்றால் முதலில் மூதூர் ஆஸ்பத்திரி, பிறகு திருகோணமலை என்று மாற்றுவார்கள், வீட்டார் அம்புலன்சுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரம் மோதிய சாரதி எங்கே என்று கேட்க யாருக்கும் தோன்றாது. இரவு 9 மணிக்கு மோதும்போது 110 இருந்தவரிடம் 12 மணிக்கு இரத்தம் எடுத்தால் 65தான் காட்டும். அறிக்கையில் எல்லைக்குக் கீழே வந்துவிடுவார். அதனால் குடும்பத்தில் ஒருவரைக் காயப்பட்டவரோடு அனுப்பிவிட்டு, இன்னொருவர் உடனே பொலிஸ் நிலையத்துக்குப் போங்கள். முறைப்பாட்டைப் பதிந்து அதன் இலக்கத்தை வாங்குங்கள். மூன்று விசயம் கேளுங்கள்: சாரதியை ஊதவைத்தீர்களா, எத்தனை மணிக்கு? டொக்டரிடம் காட்டினீர்களா, எந்த ஆஸ்பத்திரியில்? இரத்தம் எடுத்தார்களா, எத்தனை மணிக்கு? பதிலையும், பதில் சொன்ன உத்தியோகத்தரின் இலக்கத்தையும் ஒரு கடதாசியில் எழுதி வையுங்கள். இன்னும் செய்யவில்லை என்றால் அப்போதே செய்யச் சொல்லுங்கள். அதைக் கேட்டதையும் முறைப்பாட்டில் சேர்க்கச் சொல்லுங்கள்.